ஒரு வீட்டுக்கு இரண்டு மீற்றர் எதற்கு?

(தோட்ட மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். தொங்கல் வீட்டுச் சுவரில் ஒரு மீற்றர். உள்ளே இரண்டு அடுப்பு. காம்பராவில் அண்ணன் குடும்பம், பின்னால் தகரம் இறக்கிய பகுதியில் தம்பி குடும்பம். "பிரிட்ஜ் அவங்களோடது, பாதி பில் நாங்க ஏன் கட்டணும்?" என்கிறார் தம்பி சம்சாரம். "பொழுதன்னிக்கும் டிவி போடுறது யாரு?" என்கிறார் அண்ணி. இப்படியே மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் கரண்டை வெட்டிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை குப்பி லாம்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்குது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

வீட்டுப் பில்லில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். முக்கியமான வரம்பு மாதம் 60 யூனிட். அதைத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டும் கூடின விலைக்குப் போய்விடும். இரண்டு குடும்பமும் ஆளுக்கு 45 யூனிட் எரித்தால் ஒரே மீற்றரில் 90 காட்டும். இரண்டு பேரும் சிக்கனமாகத்தான் எரித்தார்கள், ஆனால் பில் வருவது பெரிய வீட்டுக்காரனுக்கு வருகிற மாதிரி! தனித்தனி மீற்றர் என்றால் இரண்டு பேரும் 60க்குள்ளே. 2022 ஆகஸ்டில் கட்டணம் ஏறியபோது இந்த வித்தியாசம் எவ்வளவு சுட்டது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒவ்வொரு மீற்றருக்கும் நிலையான கட்டணம் ஒன்று உண்டு. இரண்டு குடும்பமும் சேர்ந்தே 60க்குள் எரித்தால் அவசரப்பட வேண்டாம், பில்லை எடுத்துக்கொண்டு வாங்க, சேர்ந்து கணக்குப் பார்ப்போம். சிலர் கடையில் சின்ன மீற்றர் வாங்கி உள்ளே பூட்டுகிறார்கள். யார் எவ்வளவு எரித்தது என்று அது காட்டும், சண்டை குறையும். பில் குறையாது.

தனி மீற்றர் எடுத்தால் தனி வயரிங், தனி ட்ரிப் சுவிட்ச். வேலை தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்க. பக்கத்துக் காம்பராவிலிருந்து கூரைமேல் வயர் இழுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்க. வயரின் தோல் தகரத்தில் உரசித் தேய்ந்தால் கூரை முழுவதும் கரண்டு. ஒரு காம்பராவில் பிடிக்கிற நெருப்பு லயத்தையே கொண்டுபோகும்.

லயம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பதால் துரையின் சம்மதக் கடிதம் முதலில் வேண்டும். அடையாள அட்டை, கடைசி பில் இரண்டையும் கொண்டு வந்தால் விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுவோம். பழைய நிலுவை இருந்தால் மறைக்காதீங்க, அதுதான் பின்னால் தடையாக வரும்.

அந்த அண்ணனும் தம்பியும் நிலுவையை ஆளுக்குப் பாதி கட்டிவிட்டார்கள். கரண்டு வந்துவிட்டது, பிள்ளை படிக்குது. இரண்டாவது மீற்றருக்குத் துரையின் கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பவும் போய்க் கேட்கப் போகிறோம்.