"எத்தனை பேர் குணமானாங்க?": போதை மீட்புக்குப் பணம் தேடுற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

ராயப்பேட்டை மணிக்கூண்டுல இருந்து அஞ்சு நிமிஷம் நடந்தா, ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு மேல எங்க ஆபீஸ். ஆபீஸ்னா பெருசா நினைச்சுக்காதீங்க. பன்னெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு பீரோ, ஒரு கம்ப்யூட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, குடியை விடணும்னு நினைக்கிறவங்களும் அவங்க குடும்பத்தாரும் வந்து உட்கார்ந்து பேசுவாங்க. கவுன்சலிங் பண்றது நான் இல்ல. அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. அவங்களுக்குச் சம்பளம் போட பணம் கேட்டு எழுதுற ஆள் நான்.

இன்னைக்கு அந்த எழுத்தைப் பத்திதான் பேசப் போறேன். முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் நிதிக்கு விண்ணப்பம் போட்டோம். அதுல ஒரு கட்டம்: "உங்களிடம் வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் குணமானார்கள்?" எங்ககிட்ட அப்படி ஒரு கணக்கே கிடையாது. மூணு மாசம் தொடர்ந்து வந்தவங்க பேர் மட்டும் ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. கடைசி நாள், ராத்திரி பதினோரு மணி. அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து 70னு அடிச்சேன்.

பணம் வந்துச்சு. ஒரு சின்ன விழா. அஞ்சு பேருக்கு மாலை போட்டு, சர்டிஃபிகேட் கொடுத்து, போட்டோ எடுத்தோம். அந்த போட்டோ அறிக்கையிலயும் போச்சு.

வருஷக் கடைசியில அடுத்த அறிக்கைக்காக ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணேன். பாதி நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஒரு வீட்டுல அந்த அண்ணனோட மனைவி எடுத்தாங்க. "ரெண்டாவது மாசமே மறுபடி ஆரம்பிச்சுட்டாரு தம்பி. உங்க ஆபீஸுக்குப் போலாம்னு நானும் கூப்பிட்டேன். குணமாயிட்டேன்னு மாலை போட்டாங்களே, இப்ப எந்த மூஞ்சியோட போறதுங்கறாரு."

அவரு திரும்ப வர முடியாம வழியை அடைச்சது நான் அடிச்ச 70. அன்னைக்கு வரைக்கும் விண்ணப்பத்துல எழுதுற எண் வெறும் பேப்பர் வேலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கிட்ட போய் "எத்தனை பேரை முழுசா குணப்படுத்தினீங்க?"னு யாரும் கேக்கறதில்ல. போதைப் பழக்கமும் அப்படித்தான். வருஷக்கணக்குல கூடவே வர்ற நோய். விட்டவங்க மறுபடி சறுக்கறது சகஜம். சறுக்கினவங்க திரும்ப வர்றாங்களாங்கறதுதான் முக்கியமான கேள்வி. அதுக்கு யாராவது போன் பண்ணணும், வீட்டுக்குப் போகணும். ஆனா கட்டில் வாங்க, பேனர் அடிக்க, விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தப் பணம் கிடைக்கிற அளவுக்கு, ஒரு வருஷம் போன் பண்ற ஆளோட சம்பளத்துக்குக் கிடைக்காது.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019ல வெளிவந்த கணக்கெடுப்பைப் பாருங்க. மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சதா சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில தங்கி சிகிச்சை எடுத்தது 180 பேருக்கு ஒருத்தர். இன்னொரு பக்கம், 2023-24ல டாஸ்மாக் மூலமா நம்ம அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல.

சரி, பணம் எங்கே இருக்கு?

முதல் இடம், மத்திய சமூக நீதி அமைச்சகம். போதைப்பொருள் தேவையைக் குறைக்கிற தேசியத் திட்டத்துல, 15 படுக்கை மாதிரி அளவுல நடக்கிற மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் உண்டு. முதல்ல என்ஜிஓ தர்பன் தளத்துல பதிவு பண்ணணும், அப்புறம் இ-அனுதான் தளத்துல விண்ணப்பிக்கணும், மாநில அரசோட பரிந்துரையும் வேணும். படுக்கை வெச்சு நடத்தினா, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்துல பதிவும் கட்டாயம். பணம் தவணை தவணையாத்தான் வரும், தாமதமாகவும் வரும். வாடகை காத்திருக்காது. அதனால குறைஞ்சது ஆறு மாசச் சம்பளம் கையிருப்பு இல்லாம இதுல இறங்காதீங்க.

ரெண்டாவது, சிஎஸ்ஆர். 2013 கம்பெனிச் சட்டத்தோட 135ஆம் பிரிவு. வருஷம் 5 கோடி நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, முந்தைய மூணு வருஷச் சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். நீங்க சிஎஸ்ஆர்-1 படிவத்துல பதிஞ்சிருக்கணும். இங்க ஒரு விஷயத்தைக் குறிச்சுக்கோங்க. "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் தருவோம், சட்டம் அப்படி"ன்னு சொல்லுவாங்க. அந்த 5 சதவீத வரம்பு கம்பெனியோட சொந்த நிர்வாகச் செலவுக்கு. நமக்கு இல்ல. கம்பெனி விவகார அமைச்சகமே 2021ல இதைத் தெளிவா சொல்லியிருக்கு. இது தெரியாம ரெண்டு வருஷம் கவுன்சலர் சம்பளத்தைக் கேக்கவே கூச்சப்பட்டேன்.

மூணாவது, வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ பதிவு வேணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில மட்டும்தான் வாங்கலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதம் தாண்டக் கூடாது. வாங்கின பணத்தை வேற அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் முடியாது. சின்ன அமைப்புக்கு இது பெரிய தலைவலி.

நாலாவது, நம்ம ஊர் ஜனங்க. 80ஜி ரசீது கொடுப்போம். புதிய வருமான வரி முறையில இருக்கிறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கேக்கற உங்கள்ல நிறைய பேர் அதுலதான் இருப்பீங்க. பரவாயில்ல. மாசம் 500 ரூபாய் தர்ற நாற்பது பேர் இருந்தா, போன் பண்ற ஒரு ஆளோட சம்பளத்துல பெரும்பகுதி வந்துடும். அந்தப் பணத்துக்கு 'குணமான சதவீதம்' யாரும் கேக்க மாட்டாங்க.

இந்த ஊர்லயே ஒரு முன்னுதாரணம் இருக்கு. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிப்பழக்கத்தால 1979ல இழந்தாங்க. அடுத்த வருஷமே அவர் பேர்ல டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனை ஆரம்பிச்சாங்க. அடையாறு பக்கம் இந்திரா நகர்ல இருக்கிற டிடிகே ஆஸ்பத்திரி அதுதான். 1992ல பத்மஸ்ரீ, 1999ல ஐ.நா.வோட வியன்னா விருது. நமக்குப் பின்னாடி டிடிகே குடும்பம் இல்லையேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அவங்க திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில நடத்தின கிராம முகாம்களைப் பாருங்க. இடமும் சாப்பாடும் உள்ளூர்க்காரங்க பொறுப்பு, சிகிச்சை ஆஸ்பத்திரிக் குழுவோட பொறுப்பு. முகாம் முடிஞ்ச பிறகும் போய்ப் பார்த்தாங்க. நான் அதுல கத்துக்கிட்டது ஒண்ணுதான்: எல்லாத்தையும் பணமா கேக்கணும்னு இல்ல. எங்களுக்கு இப்ப மாடி வாடகையில பாதியைக் கீழே இருக்கிற பிரஸ்காரர் விட்டுக் கொடுக்கறாரு.

இப்ப நான் விண்ணப்பம் எழுதுற விதம் மாறிடுச்சு. 'குணமானவர்கள்' கட்டத்துல, "இதை நாங்க அளக்கறதில்ல"ன்னு எழுதிட்டு, நாங்க அளக்கறதைக் கீழே போடறேன். மூணாவது, ஆறாவது, பன்னெண்டாவது மாசம் எத்தனை பேர்கிட்ட பேச முடிஞ்சுது. சறுக்கினவங்கள்ல எத்தனை பேர் திரும்ப வந்தாங்க. எத்தனை குடும்பம் தொடர்ந்து வருது. தொடர்பு விட்டுப் போனவங்க எத்தனை பேர், அதையும். யாரோட போட்டோவும் வைக்கறதில்ல.

பழைய கம்பெனிகிட்ட நானே போய் 70 தப்புன்னு சொன்னேன். அவங்க அடுத்த வருஷம் பணம் தரல. அதுல அவங்க மேல எனக்குக் கோவமில்ல. ஒரு கவுன்சலரை அரை நாள் வேலைக்கு மாத்த வேண்டியதாச்சு. அது இன்னைக்கும் உறுத்துது. அதுக்கப்புறம் புது முறையில எழுதின விண்ணப்பங்கள்ல நிறைய நிராகரிக்கப்பட்டுச்சு. ஒண்ணு கிடைச்சுது. அந்த அதிகாரி போன்ல சொன்னாங்க, "விட்டுப் போனவங்க கணக்கைக் கொடுத்த ஒரே அமைப்பு நீங்கதான்."

அந்த அண்ணன்? எங்க கவுன்சலர் நாலு தடவை வீட்டுக்குப் போனாங்க. அஞ்சாவது தடவை அவரே வந்தாரு. இப்ப சில வாரம் வர்றாரு, சில வாரம் வர்றதில்ல. வராத வாரம் நாங்க போன் பண்றோம். அந்த போன் பண்ற ஆளுக்கு மார்ச் வரைக்கும் சம்பளம் இருக்கு. ஏப்ரலுக்காக இப்ப எழுதிட்டு இருக்கேன்.

உங்க வீட்டுலயோ நட்புலயோ யாருக்காவது உதவி தேவைன்னா, 14446ங்கிற தேசிய இலவச உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்க. ஒரு தடவை விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சவங்களா இருந்தாலும் கூப்பிடலாம்.