சட்டையின் விலையும் தைத்தவளின் நிலையும்

(நெகிரி செம்பிலான் தோட்டக் கமிட்டியினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பால் மரத்திற்கும் தையல் ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்று சற்று முன்பு ஒரு கிராணியார் கேட்டார். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கால்சட்டை இடுப்பை இழுத்துப் பாருங்கள். அந்தப் பட்டைக்குள் ஓடும் ரப்பர் நூல் பல வேளைகளில் மரத்துப் பாலில் செய்ததே. அதைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் நம் நாட்டில் உண்டு. நாம் வாளியில் சுமந்த பாலும், திண்டுக்கல்லில் நம் இனத்துப் பெண் போட்ட தையலும் ஒரே துணியில் சந்திக்கக் கூடும்.

இன்று பெரிய துணிக் கம்பெனிகள், "நேர்மையாகச் செய்த சரக்கு" என்று சீட்டு ஒட்டி விற்கின்றன. ஆலையைப் பார்வையிட ஆள் அனுப்புகின்றன. பார்வையிடுவது எப்படி நடக்கும் என்று நமக்கா சொல்ல வேண்டும்! பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கால்வாயைக் கழுவி விட்டது நாம்தானே! 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு தையல் ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் உலகத் தரத்தில் நற்சான்று கொடுத்திருந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 24ந் தேதி, டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் போனார்கள். முதல் நாளே சுவர் வெடித்திருந்தது. கீழே இருந்த வங்கி ஊழியரை வரவேண்டாம் என்றார்கள்; தையல்காரப் பெண்களை உள்ளே போகச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அங்கே நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. ஏழை வீட்டுக் குமரிப் பெண்ணை விடுதியில் அடைத்து, மூன்று ஆண்டு உழைத்தால் கடைசியில் சீதனத்துக்கு ஒரு தொகை தருவோம் என்பார்கள். இடையில் நோய் கண்டு வெளியேறினால், பலருக்கு அந்தத் தொகை கிடைக்காது. பெயரைப் பாருங்கள், சுமங்கலியாம்!

2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதித் தையல் ஆலை ஒன்றில் வேலை செய்த ஓர் இளம் பெண் கொலையுண்டு கிடந்தாள். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அங்கே பெண்கள் படும் தொல்லைகளைச் சக தொழிலாளிகள் அதன் பிறகுதான் வாய் திறந்து சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியும் இட்டது; பின்னர் கேப், பி.வி.எச். ஆகியவையும் சேர்ந்தன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏறக்குறைய 25 தொழிலாளருக்கு ஒருத்தி என்று, சங்கம் பழக்கிய பெண்களே ஆலைக்குள் கண்காணித்தார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. முதலாளி சொல் தவறினால், வாங்குகிற கம்பெனி வியாபாரத்தில் கைவைக்க வேண்டும். தானாக ஒட்டிக்கொண்ட சீட்டை நாளைக்கே கிழித்துப் போடலாம். கையெழுத்தைக் கிழிக்க முடியாது. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது. இந்த ஒப்பந்தத்தால் ஏற்பட்ட திருத்தங்களைப் பார்த்து செப்டம்பரில் தடை நீங்கியது.

எல்லாம் தீர்ந்து விட்டதாக நாம் சொல்ல வரவில்லை. ஒப்பந்தம் காத்தது ஒரே முதலாளியின் சில ஆலைகளில் உள்ள 5,000க்கு மேற்பட்டவர்களை. மற்ற ஆலைகள் எத்தனையோ! சீட்டு ஒட்டும் கம்பெனி துணியின் விலையைக் கூட்டிக் கொடுக்கிறதா என்றால், அதுவும் பெரும்பாலும் இல்லை.

நம் வாசலுக்கும் இது வந்திருக்கிறது. 2020-21இல் நம் நாட்டு ரப்பர் கையுறைகளுக்கே அமெரிக்கா தடை போட்டதை அறிவீர்கள். ஐரோப்பா 2023இல் இயற்றிய காடழிப்புச் சட்டத்தில் ரப்பரும் அடக்கம். அமலாகும் தேதி தள்ளிப் போனாலும், பால் எந்த நிலத்தில் எடுத்தது, அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி எடுத்ததா என்று அது கேட்கும். அந்தப் படிவம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்.

கிராணியார்களே, படிவம் உங்கள் மேசைக்கு வரும் அன்று, சம்பளம், வீடு, குடிதண்ணீர் பற்றிய பகுதியை நிரப்பும் முன், கமிட்டியில் உள்ள மரம் வெட்டும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். அவள் தலையாட்டிய பிறகு பேனாவை எடுங்கள்.