திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு

லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவதில், திரைக்குப் பின்னால் எரியும் விளக்குக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண எல்சிடி திரையில் படம் கறுப்பாக இருந்தாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும்.

மின்வசதி குறைந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக 2007-இல் வந்த எக்ஸ்ஓ-1 லேப்டாப்பின் திரையை வடிவமைத்தவர் மேரி லூ ஜெப்சன். வெயிலில் உட்கார்ந்தால் அந்த விளக்கை அணைத்துவிடலாம். சூரிய ஒளியே திரையில் பட்டுத் திரும்பி, எழுத்து கறுப்பு வெள்ளையில் பளிச்சென்று தெரியும். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பாடம் படிக்கிற பிள்ளை உடனே பக்கத்தைப் புரட்டாதல்லவா? அதுவரை திரைக்கென இருக்கும் தனிச் சில்லு அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், பிராசசர் தூங்கலாம்.

நம் லேப்டாப்பை வெயிலில் வைத்துப் படிக்க முடியாதுதான். ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறதே! அறைக்குள் பாதி வெளிச்சமே தாராளம்.