சுவர் ஓதமும் தக்கவர் யோசனையும்



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு ஸ்ரீரங்கம். 2005ஆம் ஆண்டு வெள்ளத்தில் அங்கே வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்தாலும் சுவரில் ஏறிய ஓதம் எளிதில் வடிவதில்லை. அந்த ஓதத்தில்தான் பூஞ்சணம் பூக்கிறது. அதன்மேல் வர்ணம் பூசினால் எத்தனை நாள் நிற்கும்?

வர்ணம் விற்பவரிடம் முதலில் யோசனை கேட்பது தகாது என்பதே நமது அபிப்பிராயம். விற்பது அவர் தொழில்; அதில் குற்றமில்லை. ஆனால் ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, கூரை ஒழுகுகிறதா, குழாய் கசிகிறதா எனக் கண்டறியக் கட்டடப் பொறியியல் பயின்றவர் வேண்டும். நகரத்தார் மாநகராட்சியில் பதிவு பெற்ற பொறியாளரை நாடலாம். அந்தநல்லூர், மணச்சநல்லூர் பகுதி ஊராட்சி உறுப்பினர்கள் ஒன்றியப் பொறியாளரைக் கலந்துகொள்ளலாம். வந்தவர் சுவரை மட்டும் நோக்கிவிட்டு விலை சொல்வாராயின் அவரை அனுப்பிவிடுவதே மேல். கூரையும் அடித்தளமும் பார்த்து, காரணத்தை எழுத்தில் தருபவரே தக்கவர்.

அவர் வருமுன் நாமே ஒரு சோதனை செய்யலாம். ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விடுவோம். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஓதம் சுவரினுள் இருக்கிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது; சன்னலைத் திறந்து வைப்பதே பெரும்பாலும் போதும்.

இழுப்பு நோயுள்ள குழந்தையை அவ்வறையில் படுக்க வைத்தலாகாது. விதை நெல் மூட்டைகளையும் அச்சுவரோரம் அடுக்க வேண்டாம்.