எரிபொருள் மின்கலமும் நீடித்துழைக்கும் வினையூக்கியும்



ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நீராகும்போது மின்சாரம் கிடைக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் கண்டறிந்தார். அவர் கையாண்ட உலோகம் பிளாட்டினம். வாகனங்களில் பொருத்தப்படும் எரிபொருள் மின்கலங்களில் இன்றும் அதுவே முதன்மையான வினையூக்கி.

வினையூக்கி தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் என்று பாடநூல்கள் கூறும். ஆனால், இந்த மின்கலத்தில் அது மெல்ல மெல்லச் செலவாகவே செய்கிறது. 2 முதல் 5 நானோமீட்டர் அளவுள்ள பிளாட்டினத் துகள்கள் கரித்தூளின்மீது படிந்துள்ளன. வண்டியின் வேகம் கூடிக் குறையும்போது மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. அப்போது அமிலச் சூழலில் சிறு துகள்கள் கரைந்து, பெரிய துகள்களின்மேல் படிகின்றன. இதனால் வினை நிகழும் பரப்புச் சுருங்குகிறது. வண்டியை நிறுத்தி மீண்டும் இயக்கும் வேளைகளில் கரியும் அரிக்கப்பட, துகள்கள் பிடிப்பிழந்து உதிர்கின்றன.

கோபால்ட் கலந்த பிளாட்டினம் கூடுதல் ஆற்றலுடன் செயற்படுகிறது; ஆயினும் கோபால்ட் கரைந்து வெளியேறி, மின்கலத்தின் சவ்வைக் கெடுக்கிறது. எனவே, இரு உலோக அணுக்களையும் ஒழுங்கான வரிசையில் அமைத்து, மேலே மெல்லிய பிளாட்டினப் படலம் போர்த்தும் முறை ஆராயப்படுகிறது. இரும்பு, நைட்ரஜன், கரி ஆகியவற்றாலான வினையூக்கி மலிவானது. ஆனால் விரைவில் நலிவுறுகிறது. ஆகவே, மலிவு மட்டும் தீர்வாகாது.

காருக்கு 8,000 மணி நேர உழைப்புப் போதுமெனக் கருதும் அமெரிக்க எரிசக்தித் துறை, நெடுந்தூரக் கனரக லாரிக்கு 2030-ஆம் ஆண்டு இலக்காக 25,000 மணி நேரத்தை நிர்ணயித்துள்ளது.

இந்தியாவுக்கு இது வெறும் ஆய்வுக்கூடப் பிரச்சினையன்று. 2023 ஜனவரியில் ரூ. 19,744 கோடி மதிப்பீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. மின்கலத்தில் வீணாகும் ஒவ்வொரு கிராமும் அந்நியச் செலாவணி இழப்பேயாகும்.

ஆதலின், மின்கலங்களை வாங்கும் அதிகாரிகள் முதல் நாள் மின்திறனை மட்டும் நோக்காது, பல்லாயிரம் மணி நேரம் உழைத்த பின் எஞ்சும் திறனையும் ஒப்பந்தத்தில் கேட்டல் வேண்டும். பழுதான மின்கலங்களிலிருந்து பிளாட்டினத்தை மீட்கவும் முன்கூட்டியே வழிவகுத்தல் வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை ஈடுபட்டுள்ள இத்துறையில் மாணவர்களுக்குப் பணி மிகுதி. விரைவாகச் செயற்படும் வினையூக்கியைக் காண்பது பாதி வெற்றி. அதை நீடித்து உழைக்கச் செய்வதே முழு வெற்றி.