கோழி இறைச்சிக்கு முத்திரை எங்கே?

சென்னையில் ஆட்டுக்கறிக்கு ஒரு வழி, கோழிக்கறிக்கு வேறு வழி. ஆடு, புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி போன்ற மாநகராட்சிக் கூடங்களில் அறுபட்டு, கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரையிட்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். கோழியோ உயிரோடு கடைக்கே வந்துவிடுகிறது. வடசென்னையில், கொருக்குப்பேட்டையிலும் பக்கத்துத் தண்டையார்பேட்டையிலும் வாங்குபவரின் கண் முன்னே எடை போட்டு, அறுத்து, தோலுரித்து, துண்டு போட்டுத் தருவதுதான் வழக்கம். கண் முன்னே நடப்பதாலேயே நல்ல கறி என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. நாளுக்குப் பத்து விலங்குகளோ அதற்கு மேலோ அறுக்கும் இடத்தை 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் இறைச்சிக்கூடமாகவே கொள்கின்றன. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் கோழியும் விலங்குதான்: நாளுக்கு 50 கோழி வரை பதிவு, ஆயிரம் வரை மாநில உரிமம், அதற்கு மேல் மத்திய உரிமம். இடிப்பது கணக்கில்தான். ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது என்கின்றன 2001 விதிகள். ஆட்டுக்கு அது சரி. கோழிக்கடையின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக்கூட அந்தக் கணக்கு தாங்காது.

சோதனை இரண்டு கட்டம். அறுக்கும் முன், சிறகு சிலிர்த்துத் தூங்கி விழுவது, கொண்டை நீலம் பாரிப்பது, மூக்கில் நீர் வடிவது, பச்சையாகக் கழிவது, வெள்ளைக்கழிச்சல் நோயில் கழுத்து முறுக்கிக்கொள்வது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அறுத்த பின், ஈரலில் புள்ளி, வயிற்றில் நீர்க்கோவை, காற்றுப்பையில் சீழ். உடல் முழுதும் கருஞ்சிவப்பாக இருந்தால் இரத்தம் வடியவில்லை என்று பொருள். செத்த கோழியை அறுத்தாலும் அப்படித்தான் இருக்கும். பார்த்து முடிக்கும்வரை ஈரலும் குடலும் அந்தந்த உடலோடு இருக்க வேண்டும் என்பது இதில் மிக முக்கியமான விதி. கடையில் அவை முதல் வேலையாகத் தொட்டியில் விழுகின்றன. தோலை உரிப்பதால் தோலில் தெரியும் அடையாளங்களும் கூடவே போய்விடுகின்றன.

அமெரிக்கா 1957இல் கோழிக்குக் கட்டாயச் சோதனையைச் சட்டமாக்கியது. 2014இல் அங்கு வந்த புதிய முறையில் நிமிடத்துக்கு 140 கோழிகள் வரை ஓடலாம். முதலில் பிரித்தெடுப்பவர்கள் ஆலை ஊழியர்கள், கடைசியில் பார்ப்பவர் அரசு ஆய்வாளர். ஆனால் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் கிருமிகள் எந்தக் கண்ணுக்கும் தெரியாதவை. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், மந்தைக்கு வந்த நோய், கொடுத்த மருந்து முதலிய விவரங்கள் கோழிக்கு முன்பே அறுக்கும் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

வடசென்னைக்கு ஏற்றதும் அதுவே. கடைக்கு ஒரு மருத்துவர் நடவாத காரியம். ஒரே பண்ணையில் ஒன்றாக வளர்ந்த கோழிகளை, பிடிப்பதற்கு முன் அங்கேயே மந்தையாகச் சோதித்து, சான்றை வண்டியோடு அனுப்பலாம். மொத்த வியாபாரியிடம் இறங்கும்போது மாதிரிக்குச் சில கூண்டுகளைப் பார்க்கலாம். எதை விலக்க வேண்டும் என்று படத்தோடு கூடிய ஒரே பட்டியலும், வெட்டுபவருக்குச் சிறு பயிற்சியும் கடைக்குப் போதும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் மாதவரத்தில் அதன் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

விலக்கிய கோழி யார் கணக்கில் சேரும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். நட்டம் முழுவதும் கடைக்காரர் தலையில் விழுந்தால் அந்தக் கோழி மலிவு விலைக்கு வேறு அடுப்பைத் தேடிப் போகும். பண்ணையோ மொத்த வியாபாரியோ மாற்றுக் கோழி தருவது, விலக்கியதைச் சாயம் ஊற்றி மூடியிட்ட தனித் தொட்டியில் போடுவது, எண்ணிக்கையை அன்றன்றே பதிவேட்டில் ஏற்றுவது ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலின் கீழேயே இடம்பெற வேண்டும்.