கணக்கும் ஒரு மொழிபெயர்ப்பே

(திருவரங்கத்தில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. 3ம − 7 = 20 என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால், நம் பிள்ளைகள் ம = 9 என்று உடனே விடை தருகின்றனர். அதையே, 'ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 7ஐக் கழித்தால் 20, அவ்வெண் யாது?' என்று சொற்களால் வினவினால் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். இது கணக்குத் தெரியாமை அன்று. சொற்றொடரைக் குறித்தொடராகப் பெயர்க்கத் தெரியாமை. பெயர்ப்பு மொழியாசிரியன் கடமை, ஆகவே வந்தேன்.

'ம' என்பது மறைந்து நிற்கும் எண். க, உ, எ, அ, ய என்பன பழந்தமிழ் எண்வடிவங்களோடு மயங்கும். ஆதலின் 'ம' கொண்டேன்.

மேற்சொன்ன வினாவை ஆங்கிலத்தில் சொல்வோர் கழிபடும் 7ஐ முன்னும், மும்மடங்கைப் பின்னும் வைத்துச் சொல்வதுண்டு. சொல் வரிசையை அப்படியே பின்பற்றும் பிள்ளை 7 − 3ம என்று தலைகீழாக எழுதிவிடும். தமிழின் இயல்பான நடையில், 'மும்மடங்கிலிருந்து' முதலில், '7ஐ' அடுத்து, 'கழித்தால்' அதன்பின், '20' ஈற்றில் நிற்கின்றன. படித்த வரிசையில் எழுதினாலே சமன்பாடு அமைந்துவிடுகிறது. சொற்கள் இடம் மாறினும் கேடில்லை. 'இலிருந்து' என்னும் ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு எதிலிருந்து என்பதைக் காட்டும். 'ஐ' எதை என்பதைக் காட்டும். வேற்றுமை உருபைக் கற்ற பிள்ளைக்குக் கழித்தற்குறி வழிதவறாது. ஆங்கில வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் செயப்பாட்டு வினைகளை அடுக்கித் தரும்பொழுதே, தமிழ்ப்பிள்ளை தன் மொழியிலேயே அயலாகிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு. திருச்சி காந்தி சந்தையில் வணிகர் ஒருவர் தம்மிடமிருந்த வாழைத்தார்களில் பாதியை உறையூர்க் கடைக்கு விற்றார். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருவரங்கத்துக்கு விற்றார். 10 தார்கள் மிஞ்சின. பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஆறில் ஐந்து. ஆகவே ம/6 = 10; ம = 60. இப்பொழுது 'மொத்தத்தில்' என்பதை நீக்கி, 'எஞ்சியதில்' என்று வையுங்கள். எஞ்சிய பாதியில் மூன்றில் ஒன்று, முழுமையில் ஆறில் ஒன்றே. மிஞ்சுவது ம/3 = 10; ம = 30. ஒரே ஒரு சொல்! 60 தார்கள் 30 ஆகிவிட்டன. சொல்லைக் கூர்ந்து படிக்காதவன் கணக்கில் மட்டுமா தோற்பான்? கடன்முறியிலும் நிலப்பத்திரத்திலும் தோற்பான்.

நம் பாட்டிமார் இக்கலையை அறிந்திருந்தனர். பறவைக் கூட்டமொன்று தனிப்பறவையிடம், 'நாங்களும், எங்கள் அளவும், அதிற் பாதியும், அப்பாதியிற் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு' என்று சொன்ன கதையை அறியாத ஊர் உண்டோ? ம + ம + ம/2 + ம/4 + 1 = 100. பதினொரு கால்பங்குகள் 99; ஒரு கால்பங்கு 9; ஆகவே ம = 36. 36, 36, 18, 9, 1 எனக் கூட்டிப் பாருங்கள், நூறு வரும். விடையை வினாவிலேயே இட்டுப் பார்க்கும் இப்பழக்கத்தைப் பிள்ளைகள் விடலாகாது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்கைச் செய்யுளில் வைத்தது. மொழியும் எண்ணும் அன்று ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தன.

எகிபது நாட்டில், கி.மு. 1550 அளவில் ஆமோசு என்பான் எழுதிய சுவடி, தெரியாத எண்ணைக் 'குவியல்' என்றே வழங்கியது. எளிய மக்கட்சொல்! சமக்குறியாகிய இரட்டைக் கோட்டை 1557இல் உலகுக்கு அளித்த இராபர்ட்டு இரெக்கார்டு, அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய அந்நாளில், தம் கணக்கு நூல்களை மக்கள் பேசிய ஆங்கிலத்தில் எழுதினார். நம்மவரும் பின்தங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய யாழ்ப்பாணத்துக் காறல் விசுவநாதபிள்ளை, 1855இலேயே 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பெயர் வடசொல்லாயினும் முயற்சி தமிழ்முயற்சி. இன்று நமக்கு 'இயற்கணிதம்', 'சமன்பாடு', 'மாறி' என்னும் சொற்கள் வாய்த்துள்ளன. 'மாறி' என்றால் மாறுவது எனப் பிள்ளைக்கு அகராதியின்றியே விளங்கும்.

பெற்றோர்களே! மாலையில் பிள்ளையிடம், 'விடை என்ன?' என்று கேட்பதற்கு முன், 'வினாவை உன் சொல்லில் சொல்' என்று கேளுங்கள். தெரியாதது எது, தெரிந்தது எது, எதுவும் எதுவும் சமம் என்னும் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளை, சமன்பாட்டைத் தானே எழுதும். ஆசிரியத் தோழர்களே! பிறநாட்டு ஆப்பிளையும் தொடர்வண்டியையும் மட்டும் நம்பாமல், காவிரிக்கரை வாழையிலிருந்தும் பூக்கடை முழத்திலிருந்தும் வினாக்களைத் தொடுத்துக் கொடுங்கள்.

தாய்மொழியைத் தெளிவாகப் படிக்கும் பிள்ளை கணக்குக்கு அஞ்சாது. அவ்வச்சத்தைப் போக்குவது நம் கையில் உள்ளது. வாழ்க தமிழ்!